அப்பா மறுத்தார், அப்பாயி சண்டை போட்டாள்

நாத்திகத்தை விட்டு வந்தவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கு ஒத்துவராதவை. நெற்றிப்பொட்டில் குங்குமம் வைத்தால் அங்கே ஓடும் நரம்பு தூண்டப்படுகிறது, தோப்புக்கரணம் போட்டால் மூளை சுறுசுறுப்பாகிறது, கோயில் மணியோசை கிருமிகளைக் கொல்கிறது என்று வாட்ஸாப்பில் தினமும் காலையில் வந்து விழுகிறது. பணிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மணியோசை கிருமியைக் கொல்லுமென்றால் மணியை ஆஸ்பத்திரியில் மாட்டினால் போதுமே, அதற்குச் சாமி எதற்கு? அறிவியலைக் கடன் வாங்கி நிற்க வைக்கிற பக்தி, அடுத்த ஆராய்ச்சி வரும்வரைதான் நிற்கும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி காதில் விழுகிறது. இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை, கும்பிட்டு வைப்போம் என்பது. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் இதைப் பந்தயக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார். கணக்கில் தப்பில்லை. ஆனால் இப்படிக் கணக்குப் பார்த்து வருகிறவனை வீட்டுக்குள் சேர்க்க எந்த மனுசருக்கும் மனசு வராது, சாமிக்கு மட்டும் எப்படி வரும்? மூன்றாவதாக, இப்போது புதிதாகக் கிளம்பியிருப்பது: 'நம்ம சாமியை மட்டும்தானே அவங்க திட்டினாங்க' என்கிற கோபம். ஒரு கட்சி மேல் வந்த கோபத்தைப் பக்தி என்று பெயர் சொல்லி வளர்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் கடவுள் இல்லை என்ற வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இன்று கும்பிடுகிறவள். இடையில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னை வாதத்தில் தோற்கடிக்கவுமில்லை. அப்பாவின் வாதங்களில் பெரும்பாலானவை சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் விட்டேன் என்பதை அவர் பெயருக்குக் குறைவு வராமல் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். சாயங்காலம் பட்டறைச் சங்கு ஊதியதும் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். கை மசியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, குளித்துவிட்டுக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'விடுதலை'யை உரக்கப் படிக்க வேண்டியது என் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்தப் பத்திரிகையில்தான். வீட்டில் சாமி படம் கிடையாது, தீபாவளி கிடையாது. பொங்கல் மட்டும் உண்டு. அதற்குத்தான் புதுத்துணியும் எடுப்பார்.

1953 மே 27-ஆம் தேதி திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலையைப் போட்டு உடைத்தபோது கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அந்தச் சிலை உடைப்பின் மேல் போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1958-இல்தான் முடிந்தது. நான் பிறந்தது அந்த வருடம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், கழகத் தலைவர் ஒருவர் பேசினார், பந்தலில் சாப்பாடு போட்டார்கள். அன்றைய சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது. 1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம்தான், ஏற்கெனவே நடந்துமுடிந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அன்றைக்கு அப்பா பட்டறையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதற்கு மிட்டாய் என்று கேட்டதற்கு, 'உங்க அம்மாவை இன்னைக்குத்தான் சர்க்கார் எனக்குக் கட்டிக்கொடுத்திருக்கு' என்றார்.

அவர் கடவுளை மறுத்தது அண்டம் எப்படி உண்டாயிற்று என்று யோசித்து அல்ல. அவருடைய அம்மா, என் அப்பாயி, இளவயதில் பெரிய கோயில்களின் கோபுரத்தை வெளியில் நின்றுதான் கும்பிட முடியும். எங்கள் சனம் உள்ளே போகக் கூடாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலை 8-இல். மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் வந்தது. அதற்குள் அப்பாயிக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். ஒரு திருவிழாவின்போது அப்பாயி கையை ஏந்தி நின்றதையும், பிரசாதம் கையில் படாமல் மேலிருந்து போடப்பட்டு மண்ணில் விழுந்ததையும் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்பா. 'எந்தச் சாமி பேரைச் சொல்லி எங்காத்தாளை மண்ணுல பொறுக்க வச்சானுங்களோ, அந்தச் சாமி எனக்கு வேண்டாம்' என்பார். இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை முடியவில்லை. முயலவும் மாட்டேன். இதைக் கேட்டும் கோபம் வராத ஆத்திகர் யாராவது இருந்தால், அவரோடு சேர்ந்து கும்பிட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த அப்பாயி கும்பிடுவதை விடவில்லை.

அவளுடைய டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் சமயபுரம் மாரியம்மன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. கோதுமைக் கஞ்சிப் பசையால் ஒட்டியது, ஓரமெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடக்கும். விடியற்காலை, அப்பா பட்டறைக்குப் போன பிறகு, பெட்டியைத் திறந்து மூடியைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் முன்னால் குந்துவாள். சூடம் கொளுத்த மாட்டாள், மகன் வீட்டில் புகைவாசம் நிற்கக் கூடாது என்று. பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற அதே குரலில் அரிசி விலை, என் தங்கச்சியின் இருமல், அம்மாவோடு வந்த மனத்தாங்கல் எல்லாவற்றையும் பேசுவாள். அப்பாவுக்கு இது தெரியும். ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. லீவு நாட்களில்கூட அந்த நேரத்துக்கு எழுந்து வெளியே டீக்கடைக்குப் போய்விடுவார். பெரியார் இறைமறுப்பாளராக இருந்துகொண்டே, தன் வீட்டில் தங்கிய திரு.வி.க. குளித்துவிட்டு வந்தபோது திருநீற்றை எடுத்து நீட்டினார் என்ற கதையை அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். தன் வீட்டுப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னாரோ என்று பிற்பாடு தோன்றியது.

அப்பாவுக்கும் அப்பாயிக்கும் நேரடியாக வாக்குவாதம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில், அம்மை. அப்பாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளை ஒன்றைப் பெரியம்மை கொண்டுபோயிருந்தது. 'மாரி கொடுத்தா, மாரி எடுத்துக்கிட்டா' என்று அப்பாயி சொல்வாள். அப்பாவுக்கு அது பொறுக்காது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகத் தென்பட்டது 1975 மே மாதத்தில். 1980-இல் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பா மடித்துக் கொண்டுவந்து அப்பாயிக்கு வாசித்துக் காட்டினார். 'ஆத்தா, ஊசி ஜெயிச்சிருச்சு. உன் மாரிக்கு இனிமே வேலையில்லை.' அப்பாயி யோசிக்கவே இல்லை. 'ஊசி போட வந்தவனை யாருடா கூட்டியாந்து உட்டது? தெருவுல அத்தனை பேரும் ஓடி ஒளிஞ்சப்ப உன்னையும் உன் தங்கச்சியையும் இழுத்துக்கிட்டுப் போயி அம்மை குத்தினது நான். சாமி கும்பிட்டா ஊசி போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்?' அப்பா சிரித்துவிட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் வாதம் முழுக்க, சாமியை நம்புகிறவர்கள் ஊசியை நம்ப மாட்டார்கள் என்ற அனுமானத்தின் மேல் நின்றது. அப்பாயியிடம் அந்த அனுமானம் செல்லவில்லை.

இந்த இடத்தில் அப்பாவின் வழிமுறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பிரிந்த இடம் அதுதான். எந்தக் கஷ்டம் வந்தாலும் 'இதுக்கு யாரு பொறுப்பு?' என்பது அவருடைய முதல் கேள்வி. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் விதியை நொந்துகொள்ளாதே, நகராட்சிக்கு மனு எழுது. பிரசவத்தில் ஒருத்தி செத்தால் ஆண்டவன் சித்தம் என்று சொல்லாதே, ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று கேள். அவர் எழுதிய மனுக்களின் கார்பன் பிரதிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. எங்கள் குடியிருப்பில் சாக்கடை மூடப்பட்டதும், தெருவிளக்கு வந்ததும் அந்த மனுக்களால்தான். மனிதத் துயரத்தில் முக்கால்வாசிக்கு மனிதர்களே பொறுப்பு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கடவுள் மறுப்புதான். எந்தக் கோயிலும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

மீதிக் கால்வாசி 1984-இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தங்கச்சிக்கு ரத்தப் புற்றுநோய். அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் கைவிடவில்லை, நர்சுகள் முகம் சுளிக்கவில்லை, ரத்தம் கொடுக்கப் பட்டறைத் தோழர்கள் ரயிலேறி வந்தார்கள். குறை சொல்ல ஒருவரும் இல்லை. அப்பா தன் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீரால் வந்ததா? பட்டறைப் பெயிண்ட் நாற்றம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து அவளைப் பிடித்ததா? சின்ன வயதில் ஏதாவது மருந்து தப்பாகக் கொடுத்துவிட்டோமா? ஒரு நாள் இளம் டாக்டர் ஒருவர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: 'அய்யா, இது யாருக்கும் வரலாம். உங்க பொண்ணுக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. யார் மேலயும் தப்பில்ல.' யார் மேலேயும் தப்பில்லை என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனிதர் ஆறுதலடையாமல் இடிந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனு எழுத முகவரி இல்லாமல் போய்விட்டது அவருக்கு.

அந்த வார்டில் வேறொரு நோயாளியின் அண்ணன் எனக்குக் கண்ணதாசனின் 'அர்த்தமுள்ள இந்து மத'த்தைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் கண்ணதாசன் என்றால் கழகத்தை விட்டுப் போனவர். 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.விலிருந்து வெளியேறியவர். கம்பனைத் தாக்கிப் பேசுவதற்காகப் படிக்கப் போய்க் கம்பனிடமே அகப்பட்டுக்கொண்டதாக எழுதியவர். நாத்திகத்தை விட்ட தமிழர்களில் அவரளவுக்கு வாசகர்களை இழுத்தவர் வேறு யாருமில்லை. இரவெல்லாம் தங்கச்சியின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். அவர் தமிழ் தண்ணீர் மாதிரி ஓடியது. தன் வாழ்க்கையைத் திறந்து வைத்துப் பேசுகிற நேர்மையும் பிடித்தது. ஆனால் செய்த பாவம் திரும்பி வரும், புண்ணியமும் திரும்பி வரும் என்ற கணக்குக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே கட்டிலில் படுத்திருப்பவள் எந்தப் பாவத்துக்கு? போன பிறவியில் என்றால், அந்தப் பிறவி அவளுக்கு ஞாபகத்தில் இல்லையே. செய்தது தெரியாமல் அனுபவிக்கிற தண்டனையை எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்? 'யார் மேலயும் தப்பில்ல' என்ற டாக்டர் என் தங்கச்சியைக் குற்றவாளி ஆக்கவில்லை. வினைக்கணக்கு ஆக்கியது. அன்றைக்கு நான் ஆத்திகத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, இன்னும் தள்ளித்தான் போனேன். துயரத்துக்கு விளக்கம் சொல்கிற மதத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கச்சி மாசி மாதம் இறந்தாள். அப்பா யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார். கூட்டங்களுக்குப் போனார், வந்தார். பிஸ்கட் டின் திறக்கப்படவே இல்லை.

அப்பாயி செய்தது வேறு. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் விடியற்காலை பெட்டியைத் திறந்தாள். நான் தூங்காமல் படுத்திருந்தேன்.

'ஏண்டி மாரி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நான் எத்தனை வருசமா ஒங்கிட்டப் பேசுறேன், ஒரு நாளு ஏதாவது கேட்டிருப்பேனா? என்னைய எடுத்துக்கிட்டா ஆகாதா? வயசு கெடக்கே எனக்கு. இனிமே ஒன் வாசலுக்கு நான் வரமாட்டேன். நீ வந்து எங்கிட்டக் கேளு.'

பெட்டியைப் படாரென்று மூடினாள். அதற்கப்புறம் அதைத் திறக்கவில்லை. மாற்றுப் புடவை அதற்குள் இருந்தது, அதைக்கூட அம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் பங்குனியில் தெருவே சமயபுரத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போனபோது திண்ணையில் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எதிர்வீட்டுக்காரி, 'சாமி குத்தம் ஆயிரும் ஆயா' என்று பயப்படுத்தினாள். 'அவ செஞ்ச குத்தத்துக்கு அவ மொதல்ல பதில் சொல்லட்டும்' என்று அப்பாயி சொன்னது தெருவுக்கே கேட்டது.

என் தந்தையின் கூட்டங்களில் எத்தனையோ வீராவேசமான பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். மேடையில் தீச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மாரியாத்தா எங்கே என்று தோழர்கள் கேட்பார்கள். அது ஊருக்குக் கேட்கிற கேள்வி. அங்கே மாரி இல்லை என்ற முடிவோடுதான் கேட்பார்கள். அப்பாயி கேட்டது மாரியை. அவளுடைய கோபத்தின் கால்பங்குகூட அந்த மேடைகளில் நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது, இல்லாத ஒருத்தி மேல் யாருக்குக் கோபம் வரும்?

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தங்கச்சியின் சாவு ஒரு அநியாயம் என்று என் உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் நான் படித்த இயற்பியலின்படியும் அப்பாவின் கொள்கையின்படியும் அது அநியாயம் ஆகாது, ஒரு நிகழ்ச்சி மட்டும்தான். செல் பிரியும்போது எங்கோ ஒரு பிசகு. மனிதர் யாரும் காரணமில்லாத இடத்தில் அநியாயம் என்ற சொல்லுக்கே இடமில்லை. அப்படியானால் என் நெஞ்சு அடித்துக்கொள்வது வெறும் மயக்கம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை. அது அநியாயம்தான் என்று நான் சொல்வதானால், யாரிடமோ சொல்கிறேன். அப்பாயிக்கு அந்த ஆள் இருந்தாள். எனக்கும் அப்பாவுக்கும் இல்லை. இது கடவுள் இருப்பதற்கான நிரூபணம் ஆகாது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் நானே மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் மனிதர்கள் ஒரு கொள்கையோடு வாழ்வதும் பிரிவதும் நிரூபணத்தால் மட்டும் நடப்பதில்லை. தனக்குள் இருக்கும் மிக உறுதியான ஒன்றை அந்தக் கொள்கை பொய் என்று சொன்னால், இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டியிருக்கிறது. நான் கொள்கையை விட்டேன்.

உடனே விட்டுவிடவும் இல்லை. வருடங்கள் ஆயின. அப்பாயி இரண்டாவது பங்குனியில் தானாகவே பெட்டியைத் திறந்தாள். மாரி வந்து கேட்டாளா என்று நான் கேட்டதற்கு, 'எத்தனை நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கிறது, அவளும் பாவம்' என்றாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அடுத்த வருடம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

நான் முதன்முதலாகச் சமயபுரம் கிளம்பியபோது அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்துவைத்தார். டிவிஎஸ் 50-ஐ எடுத்துச் சத்திரம் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறப் போகும்போது சொன்னார்: 'கூட்டமா இருக்கும், பையைப் பாத்துக்க. பொது வரிசையில நில்லு. ஸ்பெஷல் டிக்கெட் வாங்கிக்கிட்டு முன்னால போகாத. நம்ம வீட்டுப் பொண்ணு அப்படிப் போகக் கூடாது.' இன்றுவரைக்கும் அப்படிப் போனதில்லை.

அன்றைக்குப் பொது வரிசையில் என் பக்கத்தில் நின்ற, பூக்கட்டும் தொழில் செய்யும் அம்மா ஒருவர்தான் பச்சைப்பட்டினியைப் பற்றிச் சொன்னார். மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கியதிலிருந்து இருபத்தெட்டு நாளைக்கு அங்கே அம்மன் விரதம் இருக்கிறாள். வழக்கமான சமைத்த நைவேத்தியம் அந்த நாட்களில் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். 'நாமதான் சாமிக்காகப் பட்டினி இருப்போம், இங்க ஆத்தா நமக்காக இருக்கா' என்றார் அந்த அம்மா, மிகச் சாதாரணமாக, கையில் சாமந்தியைச் சரமாகக் கட்டிக்கொண்டே. அப்பா மறுத்தது வானத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற முதலாளியை. அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் என் தங்கச்சியைப் பற்றிக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் பக்கம்தான் நிற்பேன். பட்டினி கிடக்கிற ஒருத்தியிடம் போய்க் கேட்க முடியும் என்று தோன்றியது. கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. அழுதுகொண்டே வெளியே வந்தேன், அவ்வளவுதான். வரும்போது மனசு லேசாகவும் இல்லை. ஆனால் பல வருடங்களாக எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்ததை முதல் முறையாக வெளியே ஒருத்தியிடம் சொல்லியிருந்தேன்.

அப்பா 2009-இல் காலமானார். அவர் விரும்பியபடியே கண்களைத் தானம் கொடுத்தோம். சடங்கு எதுவும் செய்யவில்லை. அம்மாவின் பூவையும் பொட்டையும் தொட யாரையும் விடவில்லை. அப்பாயிக்கு அந்தக் கொடுமை நடந்திருந்தது, அம்மாவுக்கு நடக்கவில்லை. அதற்காக நான் பெரியாருக்குக் கடமைப்பட்டவள். படத்திறப்பில் தோழர்கள் நெஞ்சுருகப் பேசினார்கள். அவர் மனுக்கள், அவர் சிறை, அவர் நேர்மை என்று எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். அவரிடம் பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவைத்து அவரிடம் பேசினேன், அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.

இன்று எங்கள் குடும்பத்தைப் பார்த்தால் அப்பா என்ன சொல்வார் என்று நினைத்துக்கொள்வதுண்டு. தம்பி மகன் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டி கட்டுகிறான். தாத்தாவின் கறுப்புச் சட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போனான். தம்பி மகளோ தாத்தாவின் பக்கம், கல்லூரியில் படிக்கிறாள், ஒரு சாமியும் கிடையாது. எங்கள் சனம் உள்ளே நுழைய முடியாமல் நின்ற மாநிலத்தில், எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970-இல் சட்டம் கொண்டுவந்தது கருணாநிதியின் அரசு. பெரியார் அதற்காகக் கடைசி மூச்சுவரை போராடினார். 1973 டிசம்பரில் அவர் இறந்தபோதும் அது நிறைவேறியிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற பல சாதியினருக்கும் அரசு பணி ஆணை கொடுத்தது. கடவுளே இல்லை என்ற மனிதர், கடவுளுக்கு மிக அருகில் நிற்கும் உரிமையை எல்லாருக்கும் கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வயலூர் முருகன் கோயிலில் அப்படி நியமிக்கப்பட்டவர்கள் மேல் பக்தி பேசுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினர் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலையே பூட்டிச் சீல் வைக்க வேண்டிவந்தது. நாத்திகத்தை விட்டுவிட்டு இந்தக் கூட்டத்தோடு போய் நான் நிற்க முடியாது. என்னைக் கோயிலுக்குள் கொண்டுபோய் விட்டவர்கள் கடவுள் மறுப்பாளர்கள்தான். நான் கும்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் போகிறேன்.

தம்பி மகள் என்னோடு மல்லுக்கு நிற்பாள். போன மாதம் கேட்டாள்: 'அத்தை, பதிலே பேசாத ஒருத்தர்கிட்டப் பேசறதும் சுவத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதானே?'

'சுவர் மேல எனக்குக் கோபம் வந்ததில்லையே' என்றேன்.

'கோபம் வர்றதாலயே அங்க ஆள் இருக்குன்னு ஆயிருமா?'

ஆகாது என்று ஒப்புக்கொண்டேன். அவள் கேள்வி சரியானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இருந்தாலும் அந்த ஆளில்லாமல் என் தங்கச்சிக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சொல் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வாதத்தில் இப்படி அவகாசம் கேட்கிற குணம் அவள் தாத்தாவிடமும் இருந்தது.

வருகிற பங்குனியில் சமயபுரத்துக்கு என்னோடு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். சாமி கும்பிட அல்ல. பொது வரிசை எவ்வளவு நேரம் நகராமல் நிற்கிறது, டிக்கெட் வரிசை எவ்வளவு வேகமாகப் போகிறது, வெயிலில் நிற்கும் கிழவிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்களா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு இந்து சமய அறநிலையத் துறைக்கு மனு எழுதப்போகிறாளாம். நானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் குறிப்பெடுத்து முடிக்கிறவரை நான் வரிசையில் நின்று உள்ளே போய்விட்டு வந்துவிடுவேன்.